வன்னியன் என்னும் பட்டம்

மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ-32 வீதியில், விடத்தல்தீவைத் தாண்டி வெள்ளாங்குளத்துக்கு முன்னதாக வருகிறது இலுப்பைக்கடவை. மேற்கே ஆழங்குறைந்த கடல். கிழக்கே வயலும் குளமும், அவற்றுக்கு அப்பால் காடு. கரையோரம் காலந்தோறும் கைமாறிய நிலம். மாந்தைத் துறையை ஆண்டவர்கள், யாழ்ப்பாணத்து அரசர்கள், 1560இல் மன்னார்த் தீவில் கோட்டை எழுப்பிய போர்த்துக்கேயர், 1658இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர், 1795இல் வந்த ஆங்கிலேயர் என்று வரிசை நீள்கிறது. காட்டுக்குள் கதை வேறு. இலுப்பைக்கடவைக்குக் கிழக்கே பனங்காமத்தில் இருந்துகொண்டு குளங்களையும் வயல்களையும் யானைக் காடுகளையும் ஆண்டவர்கள், கரையில் கொடி மாறியபோதெல்லாம் தங்கள் நிலத்தைத் தங்கள் கையிலேயே வைத்திருந்தார்கள். அவர்களுக்கு இருந்த பட்டம் வன்னியன். அந்த ஆட்சிக்கும் ஆட்சி நடந்த நிலத்துக்கும் வன்னிமை என்று பெயர். ஆண்டவர் பெண்ணானால் வன்னிச்சி.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு மூன்று விடைகள் புழங்குகின்றன: நெருப்பு, வலிமை, காடு. மூன்றுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். ஈழத்துச் சான்றுகளை மட்டும் அடுக்கிப் பார்த்தால், வன்னியன் என்பது ஒரு குலத்தின் பெயராகத் தொடங்கவில்லை என்பது தெளிவாகிறது. காட்டு நிலத்தை ஆள்கிற, பேரரசனுக்குத் திறை கொடுக்க ஒப்புக்கொண்டாலும் அவனுடைய அதிகாரியைத் தன் எல்லைக்குள் விடாத ஒரு வகை ஆட்சியாளனுக்குரிய பதவிப் பெயர் அது. இதை நிறுவ முதலில் சொல்லைப் பிடிக்காமல், அதைச் சுமந்த மனிதர்களைப் பிடிப்பது நல்லது.

1660இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்ட ஆங்கிலக் கடலோடி ரொபேர்ட் நொக்ஸ், பத்தொன்பது ஆண்டுகள் கழித்துத் தோழன் ஒருவனோடு தப்பி ஓடினான். அநுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவின் கரையைப் பிடித்துக்கொண்டு காடு வழியே நடந்து, 1679 ஒக்டோபரில் மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் இருந்த ஒல்லாந்தக் கோட்டையை அடைந்தான். ஆற்றங்கரையாகவே நடந்து வருபவனுக்கு நிலத்தில் ஒரு மாற்றம் தெரிகிறது. அநுராதபுரத்தை அண்டிய ஊர்களில் சிங்களம் விளங்காத, தமிழ் மட்டுமே பேசும் மக்கள் எதிர்ப்படுகிறார்கள். அவர்களுக்கு அப்பால், வடக்கே, தனியொரு தலைவனின் நாடு. 1681இல் இலண்டனில் வெளியான தன் நூலில் அந்தத் தலைவனின் பெயரை ‘கொயிலாட் வன்னியா’ என்று நொக்ஸ் எழுதினான். கண்டி அரசனுக்கும் கட்டுப்படாதவன், ஒல்லாந்தருக்கு ஒரு மரியாதைத் திறை மட்டும் கொடுப்பவன் என்பது அவன் தரும் விளக்கம். நூலோடு வந்த இலங்கைப் படத்தில் வடபகுதி முழுவதும் அந்தத் தலைவனின் நாடு என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. பனங்காமத்துக் கயிலை வன்னியனைத்தான் அவன் குறிப்பிடுகிறான் என்று வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது நொக்ஸ் தந்த விளக்கத்தின் துல்லியம். தமிழ் அறியாத ஒருவன், காட்டில் ஒளிந்தும் நடந்தும் கேட்டறிந்த செய்தியைக் கொண்டு, இரண்டு வல்லரசுகளுக்கு நடுவே நிற்கும் ஒரு தலைவனின் நிலையைச் சரியாகப் பிடித்துவிட்டான். திறை உண்டு, அடக்கம் இல்லை. யாழ்ப்பாணத்து மரபு இதே நிலையை ஒரே சொல்லில் சொல்லி வைத்திருந்தது. வன்னி நிலத்துக்கு அங்கே வழங்கிய இன்னொரு பெயர் அடங்காப்பற்று.

இனிப் பட்டம் எங்கெல்லாம் புழங்கியது என்று பார்ப்போம். பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி என்று வடக்கே பல வன்னிமைகள் இருந்தன. திருகோணமலையில் கோணேசர் கோயிலோடு சேர்த்துப் பேசப்படும் தலைவனுக்குத் தனியுண்ணாப் பூபால வன்னிபம் என்று பெயர். கோணேசர் கல்வெட்டு அவரை மதுரையிலிருந்து வந்தவராகச் சொல்கிறது. மட்டக்களப்பில் முக்குவர் தலைவர்களின் ஆட்சியும் வன்னிமைதான். ஆங்கிலேயர் காலத்தில்கூட அங்கே பற்றுகளுக்குத் தலைமை தாங்கிய அரசாங்க அதிகாரிக்கு, வேறிடங்களில் முதலியார் என்று பெயர் இருந்தபோது, வன்னியா என்றே பெயர் வழங்கியது. புத்தளத்தின் உட்பகுதியில் ‘தெமள ஹத்பத்து’, அதாவது தமிழர் ஏழுபற்று என்று சிங்களத்தில் அழைக்கப்பட்ட பகுதியிலும் வன்னியர் இருந்தார்கள். அநுராதபுரத்தைச் சூழ்ந்த நுவரகலாவியவில் கண்டி அரசனின் கீழ் இருந்த சிங்களப் பெருந்தலைவர்களும் வன்னியா என்ற பட்டத்தையே தாங்கினார்கள். வேடுவர்கள் தங்களைக் குறிக்கச் சொல்லும் பெயர் வன்னியலே அத்தோ. காட்டு மக்கள் என்பது அதன் பொருள்.

தமிழர், சிங்களவர், முக்குவர், வேடுவர் என இத்தனை பேரும் ஒரே வேரிலிருந்து கிளைத்த குடும்பமாக இருந்திருக்க முடியாது. அவர்களுக்குப் பொதுவாக இருந்தது நிலம். ஈரவலயத்துக்கு வெளியே, மழைக்காலத்தில் மட்டும் பெருகும் ஆறுகளும் குளங்களும் காடுமாகக் கிடக்கும் வறண்ட நிலம். பாலியாறும் பறங்கியாறும் அப்படிப்பட்ட ஆறுகள். இரண்டும் வன்னியின் உள்ளே பிறந்து இந்த மேற்குக் கரையில் கடலோடு சேர்கின்றன.

இப்போது சொல்லுக்கு வருவோம்.

வலிமைக் கொள்கையை முதலில் தள்ளிவிடலாம். வன்மை உடையவன் வன்னியன் என்று சொல்பவர்கள் வல் என்ற வேரைக் காட்டுகிறார்கள். ஆனால் தமிழில் வல் என்பது வன் ஆவதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. வன்மை, வன்சொல், வன்செயல் என்று மெய்யெழுத்துக்கு முன்னால்தான் லகரம் னகரமாகிறது. உயிருக்கு முன்னால் லகரம் இரட்டித்து நிற்கும்: வல்லவன், வல்லான், வல்லரசு, வல்லாண்மை. வல்லரசை யாரும் வன்னரசு என்று சொல்வதில்லை. அந்த வேரிலிருந்து ஒரு பெயர் பிறந்திருந்தால் அது வல்லியன் என்றுதான் வந்திருக்கும்.

நெருப்புக் கொள்கை அவ்வளவு எளிதில் விழாது. வடமொழி வஹ்னி தமிழில் வன்னி ஆகும். சிஹ்னம் சின்னம் ஆனதைப் போன்ற இயல்பான மாற்றம் இது. தமிழ் நிகண்டுகளிலும் வன்னி என்றால் நெருப்பு என்ற பொருள் உண்டு. தமிழகத்தில் வன்னியர் புராணம் இந்தப் பொருளை வைத்தே கதை சொல்கிறது. வாதாபி என்னும் அசுரனை அழிக்கச் சம்பு முனிவர் வளர்த்த வேள்வித் தீயிலிருந்து வீரன் ஒருவன் எழுந்தான் என்பது அதன் மையம். 1888இல் சென்னையில் வன்னிகுல க்ஷத்திரிய மகா சங்கம் அமைக்கப்பட்டபோது அந்தப் பெயருக்குள்ளும் இந்த நெருப்பு இருந்தது. குடியேற்ற அரசின் குடிமதிப்பேடுகள் உழவர் பெருமக்களைத் தாழ்த்தி எழுதிய காலத்தில், ஒரு சமூகம் தன் மதிப்பை மீட்கக் கையில் எடுத்த கதை அது. அந்த உரிமைக் குரலின் நியாயத்தை மதிக்கிறேன். ஆனால் ஈழத்து வன்னியனுக்கு அந்தக் கதையைப் பொருத்த முயன்றால் இடறுகிறது. சிங்கள வன்னியாவும் முக்குவ வன்னியாவும் வேடுவ வன்னியரும் நெருப்பில் பிறந்த கதை எதையும் சுமக்கவில்லை. வையாபாடல் என்னும் பழைய நூலும், மயில்வாகனப் புலவர் 18ஆம் நூற்றாண்டில் ஓர் ஒல்லாந்த அதிகாரியின் வேண்டுகோளுக்காக எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையும் வன்னியர் வருகையைப் பேசும்போது, அடங்காப்பற்றில் அவர்கள் குடியேறி ஆண்டதுதான் முதன்மை பெறுகிறது.

மூன்றாவது காடு. வடமொழியில் வனத்துக்கு உரியது வன்யம். இந்த ‘ன்ய’ தமிழுக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதற்கு நம் அன்றாடப் பேச்சிலேயே சான்று கிடைக்கிறது. அன்ய என்பது அன்னியம். கன்யா என்பது கன்னி, கன்னியா. அதே கணக்கில் வன்ய என்பது வன்னிய ஆகும். பாளியில் இதே ஒலி ‘ஞ்ஞ’ ஆகும்: அன்ய என்பது அஞ்ஞ, கன்யா என்பது கஞ்ஞா. எனவே வன்ய என்பது பாளியில் வஞ்ஞ ஆக வேண்டும். பாளி வரலாற்று நூலான சூளவம்சத்தைத் திறந்தால் அந்த வடிவமே கிடைக்கிறது. 13ஆம் நூற்றாண்டைச் சொல்லும் அதிகாரங்கள் ‘வஞ்ஞ’ அரசர்களைப் பற்றிப் பேசுகின்றன. தம்பதெனியாவை ஆண்ட இரண்டாம் பராக்கிரமபாகு சிங்கள வன்னியரசர்களைத் தன்வசப்படுத்தியதையும், பின்னால் வந்த முதலாம் புவனேகபாகு காலத்தில் அத்தகைய அரசர்கள் அடக்கப்பட்டதையும் அது சொல்கிறது. நெருப்பிலிருந்து இந்தப் பாளி வடிவத்துக்கு வர வழியில்லை. ஊர்ப் பேச்சில் வன்னி என்று கேட்ட சொல்லைப் பாளிக்கு மாற்றிய துறவி, அதைக் காட்டோடு சேர்த்துத்தான் புரிந்துகொண்டார் என்பது குறைந்தபட்சம் உறுதி.

திருகோணமலை வழக்கில் உள்ள வன்னிபம் என்ற வடிவமும் இதற்கு அரண் செய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பூமியைக் காப்பவன் பூபன், மனிதரைக் காப்பவன் நிருபன். ‘ப’ என்பது காப்பவன். அதே அச்சில் வார்த்தால் வன்னிபன் என்பவன் வன்னியைக் காப்பவன். காக்கப்படுவது நிலமாகத்தான் இருக்க முடியும். பூபாலன் என்ற பெயரும் வன்னிபம் என்ற பட்டமும் ஒரே தலைவனுக்கு அடுத்தடுத்து நிற்பது அந்த ஒப்புமையை இன்னும் நெருக்கமாக்குகிறது.

காட்டரசன் என்பது இந்திய அரசியல் சொல்லாட்சியில் புதிய கருத்தும் இல்லை. அசோகன் கலிங்கப் போருக்குப் பிறகு வெட்டிய 13ஆம் பாறைக் கட்டளையில் தன் ஆட்சிக்குள் இருந்த காட்டு மக்களைத் தனியாக விளித்து எச்சரிக்கிறான். அர்த்தசாஸ்திரம் அடவியில் ஆள்பவர்களைத் தனி வகையாகக் கணக்கில் எடுக்கிறது. 4ஆம் நூற்றாண்டில் சமுத்திரகுப்தனின் புகழைப் பொறித்த அலகாபாத் தூண், ஆடவிக அரசர்கள் எல்லோரையும் அவன் பணியாளராக்கிக்கொண்டான் என்று பெருமை பேசுகிறது. ஆற்றுச் சமவெளியில் வரி வாங்கிய ஒவ்வொரு பேரரசுக்கும் பக்கத்தில் ஒரு காடு இருந்தது. அந்தக் காட்டுக்கு ஒரு தலைவன் இருந்தான். அவனைக் குறிக்க ஒரு சொல் தேவைப்பட்டது. சூளவம்சத்து வஞ்ஞ அரசன் அந்த ஆடவிக அரசனின் ஈழத்து உறவினன்.

ஆனால் இந்த இடத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. சூளவம்சத்தின் இந்தப் பகுதிகளுக்கு முன்பே தமிழகக் கல்வெட்டுகளில் பட்டம் தலைகாட்டிவிடுகிறது. சோழர் ஆட்சியின் பிற்பகுதியில் கிளியூர் மலையமான்கள் போன்ற சிற்றரசர்கள் வன்னியநாயன் என்ற பட்டத்தைத் தாங்கினார்கள். பின்னாளில் திருநெல்வேலிச் சீமையின் சிவகிரிப் பாளையக்காரர்களும் வன்னியனார் என்றே அறியப்பட்டார்கள். எனவே சோழ, பாண்டியப் படைகளோடும் அவற்றின் பின்னால் வந்த தலைவர்களோடும் இந்தப் பட்டம் கடல் கடந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. மதுரையிலிருந்து வந்ததாகச் சொல்லும் மரபுக் கதைகளின் உள்ளே இருக்கும் உண்மை இதுவாகலாம். பேராசிரியர் சி. பத்மநாதனின் ஆய்வுகளும் தென்னிந்தியத் தொடர்பை வலியுறுத்துகின்றன.

இரண்டும் சேர்ந்தே உண்மை என்றுதான் நினைக்கிறேன். தமிழகத்தில் மலையமான் ஆண்ட நிலமும் சமவெளிப் பேரரசின் விளிம்பில் கிடந்த மேட்டு நிலம். பட்டம் இங்கு வந்து இறங்கியபோது அதற்கு ஏற்ற நிலம் காத்திருந்தது. 1215இல் கலிங்க மாகன் பொலநறுவையைப் பிடித்த பிறகு ராஜரட்டை என்ற வடபகுதியின் நடுவண் ஆட்சி உடைந்தது. பெருங்குளங்களைப் பராமரிக்க அரசும் ஆளும் இல்லாமல் போயின. மடை உடைந்த குளத்தின் கீழ் வயல் தரிசாகிறது. தரிசில் முதலில் பற்றை முளைக்கிறது, பிறகு காடு ஏறுகிறது. தெற்கே தம்பதெனியா, வடக்கே சில பத்தாண்டுகளில் உருவான யாழ்ப்பாண அரசு. நடுவே இரண்டின் கையும் முழுமையாக எட்டாத ஓர் அகன்ற பட்டை. எஞ்சிய குளங்களுக்குக் கீழே எஞ்சிய குடிகளை வைத்து ஆள்பவனே அங்கு அரசன். தமிழகத்திலிருந்து வந்த தலைவனும், ஊரிலேயே எழுந்த சிங்களத் தலைவனும் ஒரே வகையான நிலைமையில் ஒரே பட்டத்துக்குள் வந்து சேர்ந்தார்கள்.

யாழ்ப்பாணத்து அரசர்கள் தங்களை எப்படி அழைத்துக்கொண்டார்கள் என்பதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆரியச்சக்கரவர்த்தி, பரராசசேகரன், செகராசசேகரன், சேதுகாவலன். உலகின் அரசர்களுக்கெல்லாம் முடியானவன், ஆழி உருட்டுபவன், சேதுவைக் காப்பவன் என்று தொலைவில் இருப்பவனும் கேட்டு மதிக்கும்படி வார்க்கப்பட்ட பட்டங்கள் அவை. காசிலும் பொறித்தார்கள். 1344இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோப் பயணி இபன் பதூதா, முத்துக் குவியலோடு இருந்த ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்து எழுதினார். வன்னியன் என்ற பட்டத்தில் அந்தப் பரப்பு இல்லை. அது உள்ளூர்க் குளத்தடியில் புழங்கும் சொல். ஆனால் 1619இல் போர்த்துக்கேயரிடம் யாழ்ப்பாணம் வீழ்ந்தபோது சக்கரவர்த்தி மறைந்தார்; வன்னியர் இன்னும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தார்கள்.

எப்படி நிலைத்தார்கள் என்பதற்கு விடை யானை. வன்னிக் காட்டின் யானைகளுக்கு வங்காளத்திலும் கோல்கொண்டாவிலும் வாங்குவோர் இருந்தார்கள். பிடித்த யானைகளை ஆனையிறவில் கடலேரியைக் கடத்தி, யாழ்ப்பாணம் கொண்டுபோய் விற்றார்கள். காட்டுக்குள் யானை பிடிக்க வழியும் பழக்கமும் ஆளும் வன்னியனிடம்தான் இருந்தன. ஆகவே ஒல்லாந்தர் திறையை யானையாகக் கேட்டார்கள். வன்னியர் கொடுத்தார்கள், நிலுவை வைத்தார்கள், மறுபடி கொடுத்தார்கள். 1697இல் யாழ்ப்பாணத் தளபதி ஸ்வார்டெக்ரூன் தனக்குப் பின் வருபவர்களுக்கு எழுதி வைத்த நினைவுக் குறிப்பில் இந்த நிலுவையும், தொன் பிலிப் நல்லமாப்பாணன் போன்ற வன்னியரை எப்படிக் கையாள்வது என்ற யோசனையும் இடம்பெறுகின்றன. ‘தொன் பிலிப்’ என்பது ஞானஸ்நானத்தில் வந்தது, ‘மாப்பாணன்’ என்பது பரம்பரைப் பட்டம். ஞானஸ்நானப் பெயரை ஏற்றார்கள், திறைக் கணக்கை ஏற்றார்கள், ஒல்லாந்த அதிகாரி உள்ளே வந்து நிலத்தை அளப்பதை ஏற்கவில்லை. வன்னியன் என்ற சொல்லின் பொருளை அகராதியில் தேடுவதைவிட இந்த நிலுவைக் கணக்கில் தேடினால் தெளிவாகக் கிடைக்கும்.

அந்த ஏற்பாடு உடைந்தது 1782இல். ஒல்லாந்தர் படையெடுத்து வன்னிமைகளை ஒடுக்கினார்கள். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. வன்னிச்சி ஒருவர் பிடிபட்டுக் கொழும்புக் கோட்டையில் அடைக்கப்பட்டார். வன்னிமைகள் இருந்த நிலத்தை நேரடியாக நிருவகிக்கத் தோமஸ் நாகெல் என்ற படைத்துறை அதிகாரி அமர்த்தப்பட்டார். ஆங்கிலேயர் வந்த பிறகு, 1803இல், கண்டிப் போரின் நெருக்கடியைப் பயன்படுத்திப் பண்டார வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தான். அவனை மடக்க மூன்று திசைகளிலிருந்து படைகள் ஏவப்பட்டன. அவற்றில் வொன் டிரிபேர்க் நடத்திய படை மன்னாரிலிருந்து புறப்பட்டது. 1803 ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் பண்டார வன்னியன் தோற்கடிக்கப்பட்டதை ஆங்கிலேயர் நட்ட கல் ஒன்று பதிந்து வைத்தது. அந்தப் பெயரில் இரண்டு பட்டங்கள் சேர்ந்திருக்கின்றன. ‘பண்டார’ என்பது சிங்கள அரச குலத்தவரும் தாங்கிய சிறப்புப் பெயர், ‘வன்னியன்’ காட்டு நிலத்தின் பட்டம். இரண்டு மொழி மரபுகளும் கலந்த நிலத்திலிருந்தே அவன் வந்தான். பின்னால் வந்தவர்கள் அவனை ஒரே மரபுக்குள் அடைக்க முயன்றது அவன் பெயருக்கே ஒவ்வாதது.

அதன்பின் வன்னியன் ஆட்சிப் பட்டமாக இருப்பது வடக்கில் நின்றுபோனது. மட்டக்களப்பில் வன்னியா பதவி, பழைய தலைமைக்காரர் முறையை நீக்கி வட்டார வருவாய் அதிகாரிகளை அமர்த்திய 1940கள் வரை நீடித்தது. ஆளைக் குறித்த சொல் போனாலும் நிலத்தைக் குறித்த சொல் போகவில்லை. 1978 அரசியலமைப்புக்குப் பின் அமைந்த தேர்தல் மாவட்டங்களில் மன்னாரும் வவுனியாவும் முல்லைத்தீவும் சேர்ந்த மாவட்டத்துக்கு வன்னி என்றே பெயரிட்டார்கள். கடலோரத்து இலுப்பைக்கடவையும் உள்நாட்டுப் பனங்காமமும் இன்று ஒரே தேர்தல் மாவட்டத்தில், அந்தப் பெயரின் கீழ் இருக்கின்றன.